தன் கையாலேயே

காஜா பேராங் ஊரின் மாலை வகுப்பில் ஒருவர் ஆய்வை இன்னொருவர் மதிப்பிட வேண்டும். நோக்கம் எப்படி, தரம் எப்படி என்று இரண்டே கேள்விகள். ஊர்ச் சங்கத் தலைவரைப் பற்றிப் பொன்னுதுரை எழுதிய ‘தொண்டு செய்யும் தலைமை’ சன்னாசியிடம் வந்திருந்தது. தேறினால் சங்கத்தின் மெர்டேக்கா சுதந்திர நாள் மலரில் அச்சாகும்.

‘நோக்கம்: நன்று’ என்று எழுதிவிட்டுச் சன்னாசி எதிரே இருந்த பொன்னுதுரையை நிமிர்ந்து பார்த்தான்.

“ஏதும் விட்டுட்டேனா, சன்னாசி? மூணு ஞாயிறு சங்கத்துல உக்காந்து பாத்து எழுதினது.”

“தோட்டத்து ஆளுங்க இருபத்தேழு பேருக்கும் தலைவரே தண்ணி ஊத்தினாருன்னு இருக்கு. எண்ணிப் பாத்தீங்களாண்ணே?”

“ரெண்டு தடவை. செம்பை யார் கையிலயும் கொடுக்கல. எவ்வளவு பணிவு!”

“எதுல வாங்கிக் குடிச்சாங்க?”

“கையைக் குவிச்சு.”

“நீங்க?”

“டம்ளர்ல…” பொன்னுதுரையின் குரல் இறங்கிவிட்டது.

“நாங்க தொட்டா செம்பு தீட்டாயிடும்ணே. அந்த இருபத்தேழு பேருல எங்கப்பாவும் ஒருத்தரு.”

பொன்னுதுரை தாளில் தண்ணீர் ஊற்றிய வரியின் மேல் விரலை வைத்தான். பிறகு மெல்லக் கேட்டான்:

“அந்த ஒரு வரியை எடுத்துட்டா, மலர்ல போட்டுடுவாங்கல்ல?”

சன்னாசி பேனாவைத் திறந்து, ‘நோக்கம்’ எதிரே இருந்த ‘நன்று’ என்பதைக் கோடிட்டு அடித்தான்.