கவசம் என்று கூப்பிட்டவர்

"வாங்க கவசம், உட்காருங்க" என்றார் மேலாளர்.

மூத்தவளுக்கு நாற்காலி எங்கே இருக்கிறது என்றே ஒரு கணம் தெரியவில்லை. வெந்துபோய்க் கட்டுப் போட்டிருந்த வலக்கையை மடியில் ஏந்திக்கொண்டு எப்படியோ உட்கார்ந்தாள்.

பெயர் இவளுடையதுதான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் உரிமை. அவள் இவளுடைய ஓர்ப்படி.

அண்ணனைக் கட்டியவள் இவள், தம்பியைக் கட்டியவள் அவள். இருவருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. இந்த மருத்துவமனைச் சலவைக்கூடத்திலும் ஒரே இயந்திரம். ஈர விரிப்புகளைச் சூட்டுத் தகட்டில் அழுத்தி எடுக்கிற அந்தப் பெரிய இஸ்திரி இயந்திரத்துக்கு அவர்கள் இரண்டு பேர்தான்.

குழந்தைகள் வார்டிலிருந்து இறங்கும் அழுக்கு மூட்டையில், விரிப்போடு விரிப்பாகச் சில நாள் படக்கதைப் புத்தகமும் வந்துவிடும். அட்டை கிழிந்து, மருந்து வாடையோடு. சாப்பாட்டு நேரத்தில் இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு படிப்பார்கள்.

அதில் தோளில் கட்டிய துணி படபடக்க வானத்தில் பறக்கிற வீராங்கனைகள் இரண்டு பேர், கவசம் என்று ஒருத்தி, காற்று என்று ஒருத்தி. கவசம் எதையும் தாங்குவாள். காற்று எதிலிருந்தும் நழுவிவிடுவாள்.

"அக்கா, நீங்க கவசம், நான் காற்று. இது நமக்குள்ளயே இருக்கட்டும்" என்று பெயர் வைத்தவளே இளையவள்தான்.

அதற்குப் பிறகு பார்க்கிற இடமெல்லாம் பறக்கிற ஆட்கள்தான். முழங்கை வரை ரப்பர் உறை மாட்டிக்கொண்டு வருகிற துப்புரவுக்காரி. சுவரில் சாயாமல், நின்றபடியே தூங்குகிற காவலாளி. மழைக்கு முதுகில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு, அது படபடக்க சைக்கிளில் போகிற யாரோ. உடனே மூத்தவளின் இடுப்பில் ஓர் இடி விழும்.

"அக்கா, நம்மாளு."

மேலாளருக்கும் அந்தக் கதையில் இடம் கொடுத்திருந்தார்கள். அவர் தொட்டுப் பார்த்த இயந்திரம் மறுநாள் நின்றுவிடும். ஆகவே அவர் துருக்கையன். தொட்டதையெல்லாம் துருப்பிடிக்க வைக்கிற வில்லன்.

"நான்தான் துருக்கையனாமே?" என்று மேலாளர் இப்போது சிரித்தார். கோபமே இல்லை. வயிறு குலுங்கச் சிரித்தார்.

மேசையில் இரண்டு தேநீர்க் கோப்பைகள் காலியாக இருந்தன.

சற்று முன்னால் இந்த அறையிலிருந்து போனவள் இளையவள். வெளியே வந்ததும், "ஒண்ணும் பெருசா கேக்கலக்கா" என்று சொல்லிவிட்டு, முகம் பார்க்காமல் வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

பாவம், மிரட்டியிருப்பார்கள், பயத்தில் உளறியிருப்பாள் என்று நினைத்துக்கொள்ள மூத்தவளும் ஆனமட்டும் பார்த்தாள். முடியவில்லை. பயந்தவள் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்வாள். இந்தப் பெயரெல்லாம் பயத்தில் வராது. சாய்ந்து உட்கார்ந்து, தேநீரை ஊதி ஊதிக் குடித்து, பேச்சு ருசித்துப்போய்ச் சிரிக்கும்போதுதான் வரும்.

அடுத்து வரப்போவது என்ன என்பது அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மெஷின்ல தடுப்புக் கம்பியைக் கட்டி வச்சது நீங்கதான்னு உங்க ஓர்ப்படி சொன்னாங்கம்மா."

தடுப்புக் கம்பி குறுக்கே இருந்தால், கை உள்ளே இருக்கும்போது தகடு இறங்காது. ஆனால் ஒவ்வொரு விரிப்புக்கும் அதைத் தூக்கி இறக்க வேண்டும். வேலை மளமளவென்று நடக்கட்டும் என்று யாராவது துணித் துண்டால் அதைத் தூக்கிக் கட்டிவிட்டால், கட்டியவருக்கு அன்றோடு வேலை போய்விடும். சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதியே வைத்திருந்தார்கள்.

கட்டியது யார் என்று ஓர்ப்படிகள் இருவருக்கும் தெரியும்.

கை வெந்த அன்று, மருந்து போடுகிற இடத்தில் இளையவள் தேம்பித் தேம்பி அழுதாள். கம்பி தேய்ந்துபோய்த் தகடு தானாக விழுந்தது என்று இரண்டு பேரும் ஒன்றுபோலச் சொல்லிவிடலாம் என்றாள். மூத்தவள் அப்படியேதான் எல்லாரிடமும் சொன்னாள். "கண்ணை எங்க வச்சிருந்த?" என்று புருஷன் கடிந்தபோதுகூட வாயைத் திறக்கவில்லை.

கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் இளையவள் விரிப்பு உதறிக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளாலும் முனைகளைப் பிடித்து அவள் வீச, வெள்ளைத் துணி தோளுக்குப் பின்னால் எழும்பி விரிந்து, மெல்ல அடங்கியது.

பழக்கதோஷம், நம்மாளு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மூத்தவள் அதை விழுங்கிக்கொண்டாள்.

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். அப்படியொன்றும் பொல்லாத மனிதர் இல்லை அவர்.

"எனக்கு ஒண்ணுதான் புரியலம்மா. எத்தனை வருஷமா இந்த மெஷின்ல நிக்கிறீங்க. தகடு இறங்குறது கண்ணு முன்னாடி தெரியுது. தெரிஞ்சும் எதுக்குக் கையை உள்ள விட்டீங்க?"

மூத்தவள் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"உள்ள ஏற்கெனவே ஒரு கை இருந்துச்சுங்க."