தொண்ணூறு வயதுப் புடவை

“மங்கலம், இது யாரு கட்டுனது?”

நான் கொண்டுபோயிருந்த புடவையை ஜெயராணி அக்கா ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இன்னொரு கையில் கத்தரிக்கோல்.

“எங்க பெரியம்மா.”

சொல்லிவிட்டேன். மூன்று சனிக்கிழமைகளாக அந்தப் புடவையைப் பையில் வைத்துக்கொண்டு சிதம்பரத்திலிருந்து ரயிலில் போய், வெளியே எடுக்காமலே திரும்பியிருந்தேன்.

திருப்பாதிரிப்புலியூரில் அவர் வீட்டு முன்னறையில் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்து, அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்குப் போர்வை தைப்போம். மேல்பக்கம் தையல் கடைகளில் மிஞ்சும் துண்டுத்துணி. எந்த நிறம் கிடைக்கிறதோ அதைச் சதுரம் சதுரமாக வெட்டிச் சேர்த்துவிடுவோம். அடிப்பக்கம் பழைய நூல் புடவை. அதுதான் குழந்தையின் உடம்பில் படும்.

அந்தப் பழைய புடவைக்குத்தான் இந்தக் கேள்வி. பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் சுற்ற மாட்டார்கள். நீண்ட நாள் வாழ்ந்தவர்கள் கட்டியதாகப் பார்த்துச் சுற்றுவார்கள். முதல் வருடம் இதை யோசிக்காமல் கொடுத்த போர்வைகள் எல்லாம் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தனவாம். அதிலிருந்து ஜெயராணி அக்கா ஒவ்வொரு புடவைக்கும் வயது கேட்பார். எண்பதுக்குக் கீழே என்றால் அது தலையணை உறைக்குப் போய்விடும்.

எனக்கு அந்தப் புடவை ஒரு குழந்தையைச் சுற்ற வேண்டும்.

“எத்தினி வயசு வரைக்கும் இருந்தாங்க?”

“தொண்ணூறு.”

அவர் முந்தானையை விரலால் தடவினார். சிவப்பாக, பொட்டுப் பொட்டாக ஏழெட்டுக் கறைகள்.

“இதென்னா, வெத்தலச் சாறா?”

“ஆமாக்கா. ஜாஸ்தி போடுவாங்க.”

“தொண்ணூறு வயசுல பல்லு இருந்துச்சா? எனக்கு அறுபதுலயே ஆடுது.”

“இடிச்சுப் போட்டிருப்பாங்க. நீ வெட்டுக்கா, நேரமாவுது” என்றார் எதிரில் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்த ரத்தினம்மாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பங்குனி கடைசி. அண்ணாமலை நகரில் என் வீட்டுத் தோட்டத்தில் குண்டுமல்லி கொட்டுகிற நாட்கள். வாரா வாரம் ஒரு பை பூ கொண்டுபோவேன். ஆளுக்குக் கொஞ்சம் தலையில் செருகிக்கொண்டுதான் ஊசியைத் தொடுவார்கள். அன்று மல்லிக்கு மேலே இரண்டு செண்பகப் பூக்கள் வைத்திருந்தேன். அறை முழுக்க அதன் வாசனைதான்.

ஜெயராணி அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஒன்றை எடுத்து முகர்ந்தார்.

“எங்க வீட்டு மரம் பத்து வருஷமா வெறும் எலையத்தான் காட்டுது. உங்க வீட்டுல யாரு வெச்சது?”

“இந்தப் புடவைக்காரங்கதான்.”

“பூத்ததப் பாத்தாங்களா?”

“பாத்தாங்க.”

“அப்புறம் இன்னா, நல்லா வாழ்ந்திருக்காங்க.”

அவர் பூவைக் கொண்டையில் செருகிக்கொண்டார். கத்தரிக்கோலை எடுத்தார். புடவை சரசரவென்று இரண்டாகப் பிரிந்தது.

“பொறக்குற புள்ளைக்கு இவுங்க ஆயுசு வரட்டும்.”

ஒவ்வொரு புடவையை வெட்டும்போதும் அவர் அதைச் சொல்வார். கூடவே நாங்களும் சொல்வோம். பொய் சொல்லும் அவசரத்தில் அதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

மற்ற மூன்று பேரும் சொன்னார்கள்.

இன்னும் பிறக்காத ஒரு குழந்தை. யார் பெறப்போகும் பிள்ளையோ.

“வேணாங்க்கா. அந்த மரத்தோட ஆயுசு வரட்டும்னு சொல்லுங்க.”

ஜெயராணி அக்கா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“இன்னாடி, தொண்ணூறு பத்தலையா உனக்கு?”

மறுபடியும் சிரிப்பு. ஆனாலும் அவர் மாற்றிச் சொன்னார். மற்றவர்களும் சொன்னார்கள். இந்த முறை நானும் சொன்னேன், எல்லோரையும் விடச் சத்தமாக.

அந்தப் போர்வையை நான்தான் தைத்தேன். கறை ஒன்று ஓரத்துக்கு வந்தது. உள்ளே மடித்திருந்தால் மறைந்திருக்கும். மடிக்காமல், அதற்கு இடம் விட்டுத் தைத்தேன்.

அது வெற்றிலைச் சாறு இல்லை. சிவப்பு மை.

பி.எட். பயிற்சிக்காக நாற்பது நாள் பள்ளிக்கூடம் போனபோது, என் மகள் ராத்திரி ஏழாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்திக்கொண்டே பேனா முனையை முந்தானையில் துடைத்துக்கொள்வாள். ஒவ்வொரு கறைக்கும் திட்டினேன். அந்த வருடமே போய்விட்டாள். இருபத்து மூன்று வயது.

அவள் வைத்த செண்பகம், நான் புடவையை வெளியே எடுத்த அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின செவ்வாய்க்கிழமைதான் முதல் முறையாகப் பூத்தது.

பயிற்சிக்குப் போன முதல் நாள் காலையில், இந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள் என் இளமதி. பிறகு இடுப்பில் கையை ஊன்றி, முதுகை வளைத்து, அடுப்படி வரைக்கும் தள்ளாடி நடந்து வந்தாள்.

“பாரும்மா, தொண்ணூறு வயசுக் கெழவி.”