ஒன்பதேகால் மணித் திருடன்

ரவுட்டரின் பட்டியலில் ஆறு கருவிகள் இருந்தன. வீட்டில் இருந்தவை ஐந்துதான்.

அவள் மறுபடி எண்ணினாள். டிவி, பிரிண்டர், அவளுடைய கணினி, அவளுடைய போன், பள்ளிக்கூடம் போயிருக்கும் மகளின் டேப்லெட். கணினியைத் தவிர மற்ற நான்கையும் ஒவ்வொன்றாக அணைத்தாள். நான்கு வரிகள் மறைந்தன.

கணினியின் வரிக்குக் கீழே ஆறாவது மட்டும் குத்துக்கல் மாதிரி நின்றது.

அதற்குப் பெயர் இல்லை. வெறும் எண்ணும் எழுத்தும். காலை ஒன்பதேகாலிலிருந்து இணைப்பில் இருப்பதாகக் காட்டியது. நேற்றும் ஒன்பதேகால். முந்தாநாளும் ஒன்பதேகால். சனி, ஞாயிறு விடுமுறை.

திருட்டிலும் ஓர் ஒழுங்கு.

காலையில் வந்த மின்னஞ்சல்தான் எல்லாவற்றையும் கிளறிவிட்டது. உங்கள் ரவுட்டருக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் என்னும் மென்பொருளில் ஓட்டை இருக்கிறது, வெளியாள் நுழையலாம், உடனே புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று அதைச் செய்த கம்பெனி எழுதியிருந்தது. இந்த மாதிரிக் கடிதங்களை உலகத்தில் யாரும் படிப்பதில்லை. அவள் படிப்பாள். யாரும் படிக்காத பயன்பாட்டுக் கையேடுகளை வீட்டிலிருந்தே பிழைதிருத்திக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு.

கணவன் நேர் எதிர்.

"ஓடுறதை எதுக்கு நோண்டுற?" என்பது அவன் வேதம். அதன் புண்ணியத்தில், வாங்கி ஆறு வருடமாகியும் ரவுட்டருக்குள் நுழையப் பயனர் பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின். பூட்டைத் தொங்கவிட்டு அதிலேயே சாவியைச் சொருகி வைத்த கதை.

சந்தேகம் மேல்வீட்டு ஜிம் மாஸ்டர் மேல் போய் விழுந்தது. லிஃப்டில் எப்போது பார்த்தாலும் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான். அவ்வளவு சிரிப்புக்கு டேட்டா எங்கிருந்து வருகிறது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினாள். ரவுட்டரின் பச்சை விளக்குகள் அணைந்தன. சிவப்பாயின. ரொம்ப நேரம் யோசித்தன. எட்டு நிமிடம் கழித்து, போனால் போகிறது என்று மறுபடி பச்சைக்கு வந்தன.

ஓட்டை அடைபட்டது. அட்மினை ஒழித்தாள். கையோடு வைஃபையின் கடவுச்சொல்லையும் மாற்றினாள். ஜிம் மாஸ்டருக்குப் புத்தி வரட்டும் என்று அவள் தேர்ந்தெடுத்த சொல்: உழைச்சுச்சாப்பிடு.

ஆறாவது ஆள் பட்டியலில் இல்லை. சனியன் தொலைந்தது என்று, அணைத்து வைத்திருந்த போனை மறுபடி உயிர்ப்பித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

போன் அடித்தது. கணவன். நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆபீசிலிருந்து.

"என்ன, வீட்ல நெட் போயிடுச்சா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள்.

வீட்டில் நெட் போனது ஆபீசில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்?

புதுக் கடவுச்சொல் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். என்னவென்று பார்க்கிறேன் என்று சொல்லி போனை வைத்தாள்.

வைஃபை எட்டும் தூரத்தில்தான் அவன் இருக்க வேண்டும் என்று ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்தாள். சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே, கட்டிடத்தின் பின்பக்கம், ஜெனரேட்டர் கொட்டகையை ஒட்டி அவர்களுடைய கார் நின்றது. காலையில் அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையோடு கணவன் உள்ளே உட்கார்ந்திருந்தான். மடியில், அவள் இதுவரை பார்த்திராத ஒரு பழைய லேப்டாப்.

மூன்று வாரமாக அவன் தன் மேனேஜரைத் திட்டவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கல்யாணமான பதினோரு வருடத்தில் மேனேஜரைத் திட்டாமல் அவன் சாப்பிட உட்கார்ந்ததில்லை. மனுஷன் பக்குவப்பட்டுவிட்டான் என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டிருந்தாள்.

இறங்கிப் போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.

கண்ணாடி இறங்கியது. லேப்டாப் திரையில், பாதி நிரப்பிய வேலை விண்ணப்பம் ஒன்று போகாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அவன் லேப்டாப்பை மூடப் போனான். கைவசம் பொய் எதுவும் இல்லை போலிருக்கிறது. கையை எடுத்துக்கொண்டான்.

அவளுக்கு அழுகையும் வந்தது, நாலு அறை விடலாம் என்றும் வந்தது.

"மேல வாங்க," என்றாள். "அங்க சிக்னல் நல்லாயிருக்கும்."