முதல் குலை

கல்யாணமான வருடம் நட்ட தென்னை எட்டு வருடமாகியும் காய்க்கவில்லை. ராஜதுரை கோடரியை ஓங்கினான். மலையில் அது வழக்கம்தான். ஒருவர் வெட்டப் போவார், இன்னொருவர் தடுப்பார். மரம் பயந்து காய்த்துவிடுமாம்.

"காய்க்காதது எதுக்கு? வெட்டிப்போடறேன்."

"வேண்டாமுங்க." மனைவி தேன்மொழி அவன் கையைப் பிடித்தாள். "குளிருக்கு மெதுவாத்தான் காய்க்கும். இன்னொரு வருசம் பாருங்க."

அந்த மாதமே பாளை வெடித்தது. மறுவருடம் முதல் குலை இறங்கியதும் தேன்மொழிக்குத் தலைகால் புரியவில்லை.

"நல்ல காயா ரெண்டு எடு" என்றாள் மாமியார்.

"கோயிலுக்குங்களா, அத்தை?"

"திண்ணனூர்ப் பொண்ணு ஊட்டுத் தட்டுக்கு. வெள்ளிக்கிழமை ராஜதுரைக்குப் பரிசம் போடறோம். உன்னையும் ஒன்பது வருசம் பாத்தாச்சில்ல, கண்ணு."

ராஜதுரை தலை குனிந்து காயை உரித்துக்கொண்டிருந்தான். இந்த முறை அவன் கையைப் பிடித்துத் தடுக்க யாரும் வரவில்லை.