பருந்து தெரியுதா?

இரும்புக்கடைக்காரர் பேரம் பேச வாயைத் திறக்கும் முன்பே படகுக்காரன் சொல்லிவிட்டான்: "கூலி வேணாம் சார். அந்தத் தூரக்கண்ணாடியில பருந்து தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க."

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பானேன் என்று அவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். பறவை பார்ப்போர் சங்கத்தில் யாருமே பார்த்திராத கரண்டிமூக்கு உள்ளானை இன்றைக்குப் பார்த்துவிட்டால், ஊர் திரும்பி மீசையை முறுக்கலாம்.

ஆறு கடலில் கலக்கும் சதுப்பில் படகு நுழைந்தது.

"அதோ பாருய்யா, பூநாரை! நூறு இருக்கும்!"

"இருக்கட்டும் சார். பருந்து?"

"ஒண்ணுகூட இல்லை."

"நல்லது." அடுத்த கால்வாய்க்குப் படகைத் திருப்பினான்.

"பருந்து என் வீட்டு மொட்டைமாடிக்கே வருது. அதுக்கா இவ்வளவு தூரம்? ரசனை கெட்ட ஆளுய்யா நீ!"

அவன் அடுத்த திட்டை நோக்கித் துடுப்பைப் போட்டான்.

கடைசித் திட்டிலும் உள்ளான் இல்லை. அலுத்துப்போய் பைனாகுலரை இறக்கப் போனவர் துள்ளி எழுந்தார்.

"அடிச்சதுய்யா யோகம்! நீ கேட்ட சரக்கு வந்தாச்சு. அந்தப் புதருக்கு மேல பத்துப் பதினஞ்சு பருந்து, ஒரே இடத்துல வட்டம் போடுது!"

துடுப்பு நின்றது.

"என்னய்யா, சந்தோஷமா இல்லையா?"

படகுக்காரன் தலையில் கட்டியிருந்த துண்டை மெல்ல அவிழ்த்தான்.

"மூணு நாளைக்கு முன்னால எங்கண்ணன் இதே படகுலதான் மீன் பிடிக்க வந்துச்சு சார். படகு மட்டும் கரை ஒதுங்குச்சு. பருந்து வட்டம் போடாத வரைக்கும் ஆள் உசுரோட இருக்குன்னு அண்ணிகிட்ட சொல்லி வச்சிருக்கேன்."