க்யூடோஸுக்கு வந்த சண்டை

"க்ளிஃப், அந்தப் பதில் தப்பு!"

மேவிஸ் டீச்சர் எழுந்தே விட்டாள். 'கறுப்பு ஆட்டுக்கடா' பப் முழுக்கக் கப்சிப்பென்று அடங்கியது.

"க்யூடோஸ்னா பாராட்டு. அந்த வார்த்தை இங்கிலீஷுக்கு எங்கேருந்து வந்தது? லத்தீன்லேருந்து. என் கையில இருக்கிற பதில் அதுதான்," என்றார் பப் முதலாளி க்ளிஃப். "போட்டி நடத்துறவன் சொன்னா சொன்னதுதான். உட்காருங்க டீச்சர்."

இன்றைக்கு உட்காருகிற நாளா? அடுத்த வாரம் பப் கைமாறுகிறது. வியாழக்கிழமை வினாடி வினாவுக்கு இதோடு முழுக்கு. கணப்படுப்புக்கு மேலே தொங்கும் செப்புக் கெட்டிலில் வருஷா வருஷம் பெயர் பொறித்துக்கொண்டது கசாப்புக்கடை டெரிக்கின் அணிதான். மேவிஸின் அணி ஒரு தடவைகூட அதில் ஏறியதில்லை. இன்று ஜெயிப்பவர்களுக்கு அந்தக் கெட்டிலே சொந்தம். கடைசிக் கேள்விவரை இரண்டு அணியும் சமம். தாள்களைத் திருத்திய க்ளிஃபின் மனைவி ஜாய்ஸ், "ஒரு டீம் லத்தீன்னு எழுதியிருக்கு, இன்னொண்ணு கிரேக்கம்னு" என்றதோடு வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"கிரேக்கம்தான்!" என்றாள் மேவிஸ். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கிரேக்கம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். குரல் இன்னும் கடைசி பெஞ்சுவரை போகும். "பழைய போர்ப் பாட்டுல எல்லாம் வரும். நாம கைதட்டிக் கொடுக்கிறதில்ல அது. சாமி பார்த்து வீரன் மேல போடுற வெளிச்சம். அது யார் மேல விழுதோ, அவன் எதிர்ல எவனும் நிக்க முடியாது."

"அது எப்படி டீச்சர் நம்ம ஊருக்கு வந்தது? நடந்தா?" வினிகரில் ஊறிய முட்டையை மென்றபடி ஒருவன் கேட்டான். சிரிப்பு கிளம்பியது.

"உன்னை மாதிரி வாலுப் பசங்க வாயில வந்தது. காலேஜ்ல அவனுங்களுக்குக் கிரேக்கத்தை அடிச்சு அடிச்சுப் புகட்டினாங்க. அவனுங்க அதையே எடுத்துக் கேலி பேசினானுங்க. எவனாவது ஜெயிச்சு வந்தா, 'உனக்கு ரொம்பத்தான் க்யூடோஸ்'னு. அப்புறம் பத்திரிகைக்காரன் எடுத்துக்கிட்டான். இப்ப நீ முட்டைய தின்னுட்டு அதைப் பத்திக் கேள்வி கேக்கிற."

பக்கத்தில் இருந்த அணித்தோழி பெரில் அவள் கம்பளிச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "போதும் மேவிஸ், உட்காருடி. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"விடு பெரில்."

"கெட்டில் கைவிட்டுப் போகுதுன்னு டீச்சருக்குத் தாங்கல!" என்று மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது.

எப்போதும் வாய் ஓயாத டெரிக், பியர் கோப்பையை வாயருகே கொண்டுபோனவன், குடிக்கவும் மறந்து மேவிஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

க்ளிஃப் தலையைச் சொறிந்தார். கதவோரம் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த பாதிரியாரிடம் திரும்பினார். "ஐயா, நீங்க கிரேக்கம் படிச்சவர்தானே. என்ன சொல்றீங்க?"

"இவ்வளவு நேரம் என்னை யாருமே கேக்கலியே," என்றார் பாதிரியார். "டீச்சர் சொல்றது சரி. லத்தீனுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

க்ளிஃப் கையை மேலே தூக்கினார். "சரி, என் பதில் தப்பு. கிரேக்கம்தான்!"

பப்பே இடிந்து விழுவதுபோல் கைதட்டல். "டீச்சரோட சண்டை போட்டு யார் ஜெயிச்சிருக்கா!" என்றபடி க்ளிஃப் கெட்டிலைக் கழற்றி, இடுப்பில் கட்டியிருந்த துணியால் ஒரு துடை துடைத்து, நேரே மேவிஸின் மேசைக்கே கொண்டுவந்தார். பெரில் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

மேவிஸ் கெட்டிலை ஒருமுறை ஆசையாகத் தடவிப் பார்த்தாள்.

"இங்க வைக்காதே க்ளிஃப், டெரிக்கிட்ட கொடு. கடைசிக் கேள்வி கேட்டப்ப நான் உன் கவுண்டர்ல பியர் வாங்கிட்டு நின்னேன்; எங்க தாள்ல பெரில் லத்தீன்னு எழுதிக் கொடுத்துட்டா."