கீழ்க்கிளைகள்

வாசல் கதவு படாரென்று சுவரில் மோதியது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அண்ணன் கூடத்துக்குள் வந்து நின்றான்.

“யாரைக் கேட்டு மரத்துல கை வச்சே?”

தங்கை நிமிரவில்லை. பைன் கிளையின் அடியைச் சாய்வாக நறுக்கி, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி நசுக்கி, வாளித் தண்ணீரில் நிறுத்தினாள்.

“ராத்திரி முழுக்கத் தண்ணி குடிச்சாத்தான் கிறிஸ்மஸ் வளையம் கட்டினப்புறம் இலை கொட்டாது. காலைத் தள்ளி வை, வாளி இருக்கு.”

“கதவுல மாட்டற நாலு வளையத்துக்கு நாலு கிளை போதாதா? கீழ்ப்பாதியைச் சுத்திவர மொட்டையடிச்சு வச்சிருக்கே. அப்பா கையால நட்ட மரம்டி அது. அவர் போய் இன்னும் ஒரு வருஷம்கூட ஆகலை.”

“தெரியும்.”

“என்னத்தைத் தெரியும்? அதைப் பெத்த பிள்ளை மாதிரி பார்த்துக்கிட்டாரு. மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா உனக்கு?”

அடுத்த கிளையின் அடி இலைகளை அவள் ஒரே இழுப்பில் உருவிப் போட்டாள். உள்ளங்கை முழுக்கப் பிசின்.

“வாயைத் திறந்து பேசுடி. கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கே.”

அவள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, முதன்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

“நீ மரத்தை வித்தியே, அந்த ஓட்டல்லேருந்து காலையில போன் வந்துது, மதியம் அடியோட வெட்டிட்டுப் போய் வரவேற்பறையில நிறுத்தப்போறோம்னு, லாரி வர்றதுக்குள்ள கீழ்க்கிளையெல்லாம் எடுத்துட்டேன், மொட்டை மரம் வேண்டாம்னு திரும்பிப் போயிட்டாங்க அண்ணா.”